‘ஆனால்’ வருவதற்கு முன்

கல்லூரியில் அவளுக்கு ‘ஆனால் மேடம்’ என்று பெயர். பட்டம் வைத்தது எந்த வருஷத்து வகுப்பு என்று யாருக்கும் தெரியாது. ஒரு வகுப்பு வெளியே போகும்போது அடுத்த வகுப்பிடம் சொல்லிவிட்டுப் போகும். காரணம் எளிது. வரலாற்றுப் பேராசிரியையான அவள், எந்த விஷயத்தை எடுத்தாலும் முதலில் எதிராளியின் வாதத்தைத்தான் சொல்வாள். ஒப்புக்குச் சொல்வதில்லை. எதிராளியே கேட்டால் ‘எனக்கே இவ்வளவு நன்றாக வராதே’ என்று பொறாமைப்படுகிற மாதிரி, குரலை ஏற்றி இறக்கி, கையை விரித்து, நெஞ்சாரச் சொல்வாள். வகுப்பு மொத்தமும் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்துவாள். கண்ணாடியைக் கழற்றுவாள். ‘ஆனால்’ என்பாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம், தான் கட்டிய வீட்டைத் தானே செங்கல் செங்கலாகப் பிரித்துப் போடுவாள்.

நியாயமாக இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. கொள்கை நல்ல கொள்கைதான். அதைக் கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள் முன்னால் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாடு பிறந்து அறுபது வருஷம் ஆகிறது என்று அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, அதில் பங்கெடுத்தவர்களை மட்டும் கூப்பிட்டுக் காட்டினார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. ஏணி மேல் நின்று ஒருவர் விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். நடுச்சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், அந்தப் போட்டோ.

அந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் அந்தப் போட்டோ தெரியும். கரும்பலகைக்கு மேலே தொங்குகிற போட்டோ. துறைமுகத்துச் சுங்கக் கட்டடத்தின் பெரிய அறையில், முதல் அவையின் உறுப்பினர்கள் நாலு வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். கீழே ‘ஒரே மனதாக’ என்று இரண்டு சொல். போட்டோவுக்கு இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு திரை. மேலே ‘இரு வரலாற்றாசிரியர்கள் பேசுகிறார்கள்’ என்ற பலகை. திரைக்குப் பக்கத்தில் பழைய டெலிபோன் மாதிரி ஒரு ரிசீவர் கொக்கியில் தொங்கும். எடுத்துக் காதில் வைத்தால் பேச்சு கேட்கும். காது கேட்காதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்தும் ஓடும்.

இடப்பக்கத் திரையில் இருந்தவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம் அவர் எழுதியது என்பதால் எல்லாருக்கும் அவர் ‘பாடநூல் சார்’. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். வலப்பக்கத் திரையில் இருந்தது அவளேதான். அங்கே போய் ரிசீவரை எடுத்தாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம் என்று முதலில் தோன்றியது. அந்த நினைப்பு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

“அந்தக் காலையில் சுங்கக் கட்டடத்தின் கதவு திறந்தே இருந்தது,” என்றது திரை. “மேட்டு மாவட்டத்துக்காரர்களும் கடற்கரைக்காரர்களும் ஒரே வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். வெளியே ஒருவர்கூட நிற்கவில்லை. ஓட்டெடுப்பின்போது ஒரு கைகூடக் கீழே இல்லை. இந்த நாடு ஒரே மனதாகப் பிறந்தது. போட்டோவைப் பாருங்கள். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?”

திரையில் அவள் நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். பின்னால் எங்கிருந்தோ வயலின் வந்தது. நெஞ்சு நிறைந்து பேச முடியாமல் போனவளைப் போல அவள் முகம் மெல்ல மங்கி, அருங்காட்சியகத்தின் முத்திரை வந்து நின்றது. பிறகு மறுபடி முதலிலிருந்து, “அந்தக் காலையில் சுங்கக் கட்டடத்தின் கதவு திறந்தே இருந்தது.”

ரிசீவரைக் கொக்கியில் மாட்டினாள். இருபது நிமிஷம் பேசியிருந்தாள். முதல் இரண்டு நிமிஷம் எதிராளிக்கு, மீதி பதினெட்டும் உண்மைக்கு. பதினெட்டையும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

உண்மை இதுதான். மேட்டு மாவட்டத்து உறுப்பினர்கள் அன்று மழையில் திறந்த லாரியில் வந்து இறங்கினார்கள். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார்கள். ‘இன்னும் ஆரம்பிக்கவில்லை, இருங்கள்’ என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இருந்தார்கள். உள்ளே ஓட்டெடுப்பு நடந்து முடிந்தது. நதி யாருக்கு, துறைமுகம் யாருக்கு, தலைநகரம் எங்கே எல்லாம் முடிவானது. அப்புறம் கதவைத் திறந்து, ‘வாங்க, போட்டோ எடுக்கிறோம்’ என்று கூப்பிட்டுப் பின் இரண்டு வரிசையில் நிறுத்தினார்கள்.

இதைச் சொன்னவர் அவளுடைய தாய்மாமா. அன்றைக்கு அவருக்கு இருபத்தாறு வயசு, அவையிலேயே சின்னவர். சிலர் கதவை உடைத்துவிடலாம் என்றபோது, “இருங்கப்பா, திறப்பாங்க” என்று தடுத்து நிறுத்தியவரே அவர்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஊர்க்காரர்கள் அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். கடற்கரை நகரத்தில் பொய்யன் என்றார்கள். வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. “வெளியே நின்னேன்னு சொல்றீங்க, போட்டோல ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே மச்சான்?” என்று அவளுடைய அப்பா சாப்பாட்டு மேஜையில் கேட்பார். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டு, “போட்டோக்காரன் சிரிங்கன்னான். சிரிச்சோம்,” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளும் சிரித்திருக்கிறாள்.

பிற்பாடு ஆவணக் காப்பகத்தில் அந்தப் போட்டோவின் மூலக் கண்ணாடித் தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் சிரிப்பு போனது. முன் இரண்டு வரிசையின் காலர்கள் விறைப்பாக, காய்ந்து இருந்தன. பின் இரண்டு வரிசையின் சட்டைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. தலைமயிர் நெற்றியில் அப்பியிருந்தது. மாமாவின் மோவாயில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது.

புத்தகம் எழுதினாள். பல்கலைக்கழகம் போட்டது. பாதிப் பிரதிகள் இன்னும் அவர்கள் கிடங்கில் தூங்குகின்றன. அதனால்தான் அருங்காட்சியகம் கூப்பிட்டதும் ஓடினாள். நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக வந்து பார்க்கப் போகிற இடம். “ஊரறியச் சொல்றேன் மாமா, நீங்க இருக்கும்போதே,” என்று வாக்குக் கொடுத்தாள். மாமாவுக்கு இப்போது எண்பத்தாறு. திறப்பு விழாவுக்கு வருகிறேன் என்று சட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டார்.

இயக்குநரின் அறைக்கு நேராகப் போனாள். அவன் அவளுடைய பழைய மாணவன். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“வாங்க மேடம். கூடம் எப்படி இருக்கு?”

“என் பேச்சுல பாதியைக் காணோம்.”

“ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம்தான் மேடம். நீங்க இருபது நிமிஷம் பேசிட்டீங்க.”

“ரெண்டு நிமிஷத்தை எங்கேயிருந்து வேணா எடு. நான் தப்புன்னு சொல்ல வந்ததை எடுத்து, நானே சொன்ன மாதிரி போட்டிருக்கியேப்பா.”

“நீங்க சொன்னதுதானே மேடம்,” என்றான் அவன், மிகவும் பணிவாக. “ஒரு வார்த்தை நாங்க சேர்க்கலையே.”

அவன் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். ஒரு வார்த்தை அவர்கள் சேர்க்கவில்லை.

“கண்ணாடியைக் கழட்டினேனே. நீ என்கிட்ட மூணு வருஷம் படிச்சவன். நான் கண்ணாடியைக் கழட்டினா அடுத்து என்ன வரும்னு உனக்குத் தெரியாதா?”

அவன் பேனாவை உருட்டினான். “உண்மையைச் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மேடம். நீங்க கண்ணாடியைக் கழட்டினதும் நாங்க பின்வாசல் வழியா கேன்டீனுக்குப் போயிடுவோம். அதுக்கப்புறம் வர்றது பரீட்சைக்கு வராதே.”

வராதுதான். பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரித்தவர் பாடநூல் சார். கடைசி பெஞ்சு காலியாவதை அவளும் அந்தக் காலத்தில் கவனித்திருக்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது போலிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஓடியவனை இன்று நாட்டின் நினைவுக்கே இயக்குநராக்கி வைத்திருந்தார்கள்.

“வெட்டினது யாரு?”

“நான்தான் மேடம், எடிட்டர் பக்கத்துல உக்காந்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. அமைச்சகத்துல போட்டுக் காட்டினப்ப, நீங்க கண்ணாடியைக் கழட்டுற இடத்துல ரெண்டு பேருக்குக் கண்ணே கலங்கிடுச்சு.”

“என்னை எடுத்துடு. எனக்குத் திரையே வேண்டாம்.”

“எடுத்தா அந்தப் பக்கம் காலியா நிக்கும் மேடம். சமநிலை போயிடும்.”

“ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றோம். இதுல என்னப்பா சமநிலை?”

“அதைத்தான் மேடம் மேல இருக்கறவங்க ஒற்றுமைன்னு சொல்றாங்க.”

அவன் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் நாலு அறை விட்டது போலப் பேசிவிட்டு வந்திருப்பாள். நிஜமாகவே நம்பிச் சொன்னான். அமைச்சகம் பார்த்துச் சரி என்றுவிட்டது, இனி ஒரு எழுத்தைத் தொட்டாலும் மறுபடி முதலிலிருந்து அனுமதி வாங்க வேண்டும், விழா முடியட்டும், அடுத்த வருஷம் கூடத்தைப் புதுப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினான். நடுவில் தேநீர் வேறு வந்தது. எண்பத்தாறு வயசுக்காரரை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லேன் என்று வாய் வரைக்கும் வந்தது. தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது அவளுடைய திரைக்கு முன்னால் ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். பாடநூல் சார். முகமெல்லாம் பூரிப்பு.

“வாங்கம்மா. மூணு தடவை கேட்டுட்டேன். ‘ஒரு கைகூடக் கீழே இல்லை.’ என்ன அழகு. நாப்பது வருஷமா இதைத்தான் நானும் எழுதறேன், இந்த வார்த்தை எனக்குத் தோணலையே.”

“சார், அது உங்க வாதம். உடைக்கறதுக்காக நான் எடுத்து வச்சது.”

“தெரியாதா எனக்கு? உங்க கட்டுரை ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். முதல் பாதியெல்லாம் அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்.”

“ரெண்டாம் பாதி?”

“அதுல கோபம் கொஞ்சம் ஜாஸ்தி,” என்றார் கனிவாக.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவரை விட்டால் வேறு வழியில்லை. அமைச்சர் அவருடைய புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர். “நீங்க ஒரு போன் பண்ணினா கேட்பாங்க சார். என் பேச்சை முழுசா போடுங்க, இல்லன்னா எடுத்துடுங்கன்னு சொல்லுங்க. எதிர்க்கருத்துக்கு இடம் குடுக்கணும்னு நீங்களே எவ்வளவு தடவை மேடையில சொல்லியிருக்கீங்க.”

“சொல்லலாம். என்னன்னு சொல்றது? அந்தம்மா என் கட்சிக்கு வந்துட்டாங்க, வேண்டாம், திருப்பி அனுப்புங்கன்னா?” என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் போட்டோவுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். இவ்வளவு பெரிதாக்கியதில் ஈரம் இப்போது பூதக்கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. ஒவ்வொரு சட்டையும் ஒரு ஜன்னல் அளவு இருந்தது. “பாருங்க சார். முன்னாடி காய்ஞ்சிருக்கு. பின்னாடி நனைஞ்சிருக்கு.”

அவர் கழுத்தை நிமிர்த்தி நன்றாகத்தான் பார்த்தார். “வேர்வையா இருக்கக் கூடாதா?”

“பின்வரிசைக்கு மட்டும் வேர்க்குமா?”

“மலைப்பக்கத்து ஆளுங்க. கடற்கரைப் புழுக்கம் அவங்களுக்குப் பழக்கமில்ல பாருங்க,” என்றார். சொல்லும்போதே அந்த விளக்கம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே போனார். அடுத்த பதிப்பில் அது வந்தாலும் வரும்.

வீட்டுக்கு வந்து கைப்பையை நாற்காலியில் எறிந்தாள். அவளுடைய கணவர் பல் டாக்டர். முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“இதைத்தான் நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன்,” என்றார். “ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, அது எவ்வளவு நல்ல பல்லுன்னு நான் பேஷன்ட்கிட்ட பிரசங்கம் பண்றதில்ல.”

“நியாயம்னு ஒண்ணு இருக்குங்க.”

“இருக்கு. உன் நியாயத்துல பாதிக்கு இப்ப வயலின் வாசிக்கிறாங்க.”

கோபத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர்மேல் கோபமில்லை. இவ்வளவு வருஷம் அவள் நியாயம் என்று நினைத்து எதிராளிக்குப் பட்டுத் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் பக்கத்துக்கு மட்டும் கந்தல். ஒரு நாளாவது, ‘என் மாமா வெளியே நின்றார்’ என்று முதல் வாக்கியமாக ஆரம்பித்திருக்கலாம். அப்படி ஆரம்பித்தால் சொந்தக்காரி பேசுகிறாள் என்பார்களே என்று பயம். அந்தப் பயத்துக்குத்தான் நியாயம் என்று பெயர் வைத்திருந்தாளோ என்று இப்போது சந்தேகம் வந்தது.

மறுநாள் ஒரு பத்திரிகைக்குப் போன் செய்தாள். நிருபர் எல்லாம் கேட்டுவிட்டு, “வீடியோல பேசறது நீங்கதானே மேடம்?” என்றார். ஆமாம் என்றாள். “குரலும் உங்களுதுதான்?” ஆமாம். “அப்ப என்ன மேடம் நியூஸ்?” என்றார். அமைச்சகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று தானாக ஒரு பதில் வந்தது.

இனி மாமாவை வரவிடாமல் செய்வது ஒன்றுதான் பாக்கி. போன் செய்தாள். மாமாவின் மகள் எடுத்தாள். “அக்கா, அப்பா காலையிலேர்ந்து ஒரே ஆர்ப்பாட்டம். வெள்ளைச் சட்டைதான் வேணுமாம். ரெண்டு தடவை தேய்ச்சாச்சு,” என்று சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்தாள்.

“மாமா, கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். சக்கர நாற்காலியை வச்சுக்கிட்டுக் கஷ்டம். ஒரு மாசம் கழிச்சு நிதானமா போலாமே.”

“என்ன பாப்பா, நீ பேசறதை நான் பார்க்க வேண்டாமா?”

“அது வந்து மாமா, ரெண்டு நிமிஷம்தான். பெரிசா ஒண்ணும் இல்ல.”

“ரெண்டு நிமிஷம் போதும். ‘அவங்க வெளியே நின்னாங்க’ன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?” என்று சிரித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள். அந்த நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்பது விழா நாளன்று காரில் போகும்போதும் நடக்கவில்லை. மாமா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். லாரி எந்தத் தெரு வழியாக வந்தது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே தெருவே இல்லை, மேம்பாலம்தான் இருந்தது.

அமைச்சர் ரிப்பனை வெட்டினார், பேசினார், தேநீர் குடிக்க மாடிக்குப் போனார். பிறகுதான் பொதுமக்களை விட்டார்கள். மாமாவின் மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, பேராசிரியை பக்கத்தில் நடந்தாள். போட்டோவின் முன்னால் மாமா நிறுத்தச் சொன்னார். நாலாவது வரிசையில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“எவ்வளவு பெரிசா இருக்கேன்,” என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குளிர் பாப்பா. பல்லு கிட்டிப் போச்சு. அதைச் சிரிப்புன்னு நினைச்சுக்கிட்டாங்க,” என்றார்.

“மாமா, வாங்க, அந்தப் பக்கம் பழைய ஆயுதம் எல்லாம் வச்சிருக்காங்க.”

“ஆயுதத்தைப் பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்? உன் டிவி எங்க?”

“அது பழுதா இருக்கு போல மாமா.”

பழுதாக இல்லை. பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. மாமா ரிசீவரைத் தானே எட்டி எடுத்தார். நல்ல காதில் வைத்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். கதவு திறந்தே இருந்தது என்ற இடத்தில் அவர் தலையாட்டினார். வெளியே ஒருவர்கூட நிற்கவில்லை என்ற இடத்தில் உதட்டோரம் லேசாகச் சிரித்தார். அவருடைய மகள் திரையின் அடியில் ஓடிய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது. திரும்பிப் பார்த்தாள்.

“என்னக்கா இது? எங்கப்பாவை உக்கார வச்சுக்கிட்டு என்னக்கா இது?”

“நீ சும்மா இரு,” என்றார் மாமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “உனக்கு அவளைத் தெரியாது. சின்னப் பிள்ளையிலேர்ந்து பாப்பா இப்படித்தான் ஆரம்பிப்பா. இன்னும் வரும்.”

திரையில் அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். வயலின் வந்தது. முத்திரை வந்தது. மறுபடி கதவு திறந்தே இருந்தது.

மாமா ரிசீவரை வைக்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றுகிற இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ செருமினார்கள். காவலாளி குனிந்து, “ஐயா, முடிஞ்சிடுச்சு. அடுத்தவங்களுக்குக் குடுங்க,” என்றார்.

“முடியலப்பா. இருப்பா, வரும்,” என்றார் மாமா.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் காதிலிருந்து ரிசீவரை மெல்ல விலக்கினாள்.

“வராது மாமா. வெட்டிட்டாங்க.”

அவர் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது. “எதுவரைக்கும்?”

“ஆனால் வரைக்கும்.”

ரிசீவரைப் பிடித்திருந்த மாமாவின் கை மடியில் விழுந்தது. தேய்த்த வெள்ளைச் சட்டைக்குள் உடம்பு சட்டென்று சின்னதாகிவிட்டது போல இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இயக்குநர்மேல், பாடநூல் சார்மேல், எல்லாரையும்விடத் தன்மேல் ஆத்திரம் வந்தது. அவர் காதருகே குனிந்தாள். அந்தப் பதினெட்டு நிமிஷத்தையும் அவருக்காவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

“அன்னைக்குக் கதவு பூட்டியிருந்துச்சு மாமா. நீங்க எல்லாரும் மழையில...”

மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எனக்கு எதுக்கு பாப்பா சொல்றே? நான்தான் அங்க நின்னேனே.” ரிசீவரைக் கொக்கியில் அவரே மாட்டினார். ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவை மாட்டினார். பின்னால் நின்ற வரிசையை மோவாயால் காட்டினார். “அவங்ககிட்ட சொல்லு.”

அவள் எழுந்து திரும்பினாள். வரிசையில் நின்றவர்கள் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். “அந்தம்மாதான் இவங்க,” என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னார். கூடத்தில் நல்ல கூட்டம். இயக்குநர் யாரோ ஒரு விருந்தாளிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் புன்னகையோடு கையசைத்தான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

அவன் கை அப்படியே நின்றது. அன்றைக்குக் கடைசி பெஞ்சில் இருந்தவனைப் போலவே அவன் கண் வாசல் பக்கம் போனது. வாசல் நிறைய ஜனம் உள்ளே வந்துகொண்டிருந்தது. வெளியே போக வழியில்லை. பின்னால் திரையில் அவளுடைய குரல்தான் இல்லையே தவிர உதடு அசைந்துகொண்டே இருந்தது.

“ஆனால்,” என்றாள் அவள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், “என் மாமா வெளியே நின்றார்.”